மூன்று விசிறிக் கொசு மெஷின்

வரலாற்றை இனி நானே எழுதுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதல் காபிக்கும் இரண்டாவது காபிக்கும் நடுவில் முடிவெடுத்தேன். இரண்டாவது காபி வரவில்லை. வரலாறு எப்போதுமே இடையூறுகளோடுதான் தொடங்குகிறது.

காரணம் ராஜபாண்டி. எங்கள் மில் போராட்டத்தின் நினைவுக் கூட்டம் தல்லாகுளத்தில் நடக்கவிருந்தது. அதில் திரையிட அவன் ஒரு படம் தயாரிக்கிறான் என்று தகவல் வந்தது. கருங்காலிகளை ஏற்றிக்கொண்டு மில் கேட்டுக்கு வந்த லாரியை அன்று மறித்தது யார் என்பது எங்கள் சங்கத்தில் தீராத வழக்கு. நான்தான் மறித்தேன். ராஜபாண்டி என் துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். பிறகு சங்கம் இரண்டாக உடைந்தது. உடைந்த கையோடு லாரியும் அவன் பக்கம் போய்விட்டது. இன்றுவரை மேடைக்கு மேடை தான் மறித்ததாகப் பேசுகிறான். துண்டையும் திருப்பித் தரவில்லை.

சாட்சி ஒன்றே ஒன்றுதான். ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். எடுத்தவர் ஓடிக்கொண்டே எடுத்திருக்கிறார். இடது பக்கம் கேட் என்று சொல்லத்தக்க ஒரு மங்கல், வலது பக்கம் லாரி என்று சொல்லத்தக்க இன்னொரு மங்கல், லாரிக்கு முன்னால் உருண்டையாக ஒரு நிழல். அந்த உருண்டை நான் என்கிறேன். தான் என்கிறான் ராஜபாண்டி.

என் பெயர் சங்கிலி. மேடையில் யாராவது "சங்கிலியை உடைத்தெறிவோம்" என்று முழங்கினால் கூட்டம் என்னைப் பார்த்துச் சிரிக்கும். பழகிவிட்டது. பள்ளிக்கூடத்தை விடத் துண்டறிக்கைகளில் அதிகம் படித்தவன் நான். தடியடியைப் பார்த்தவன். நிர்வாகத்தை நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்டவன். என் வீட்டு நிர்வாகத்தை மட்டும் கேட்பதில்லை. அதன் பெயர் பாண்டிமீனா.

அந்தப் புகைப்படத்தைத் தெளிவாக்கி, பெரிதாக்கி, அசைய வைத்து, ஒரு சின்னப் படமாகச் செய்வது என் திட்டம். இப்போது அதற்கெல்லாம் கம்ப்யூட்டரில் வழி இருக்கிறது. மகள் ஆர்த்திகா பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுச்சென்ற லேப்டாப் இருந்தது. அதில் போட்டேன். லேப்டாப் இட்லி வேகும் அளவுக்குச் சூடானது. லாரி அசையவே இல்லை. நான் மறித்தபோதுகூட அது அப்படி நிற்கவில்லை.

"லேப்டாப் கொதிக்குதுன்னா விஜய்கிட்ட கொண்டு போய்க் காட்டுங்க" என்றாள் பாண்டிமீனா, அவரைக்காய் நறுக்கியபடி. வெள்ளை மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

விஜய்ஆனந்த் எங்கள் பக்கத்து வீட்டுக் கனகாவின் தம்பி. டவுன் ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். லேப்டாப்பைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணே, இதுக்கு மூளை இருக்கு. படத்தோட மல்லுக்கட்ட தெம்பு இல்ல. பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வேணும்."

"போடு."

"உள்ள போட முடியாதுண்ணே, இடமில்ல. வெளிய இருந்து ஆதரவு குடுக்கலாம்."

அந்தச் சொல் எனக்கு உடனே விளங்கியது. வெளியிலிருந்து ஆதரவு கொடுத்து ஓடிய அரசாங்கங்கள் எத்தனை பார்த்திருக்கிறேன். அவன் ஒரு சாமானை மேஜையில் வைத்தான். இரும்புச் சட்டம். அதன் மேல் செங்கல் கனத்துக்கு ஒரு கார்டு. கார்டில் வரிசையாக மூன்று விசிறி. சட்டத்துக்குப் பெயர் டாக் என்றான்.

"இதுக்குத் தனி கரண்டு. லேப்டாப்ப நம்பி இருக்காது. இந்தக் கேபிளச் சொருகுனா லேப்டாப்புக்குப் பலம் வந்துரும்."

"எப்ப வேணும்னாலும் ஆதரவை வாபஸ் வாங்கிருமோ?"

"கேபிளப் புடுங்குனா அம்புட்டுத்தான்." லேப்டாப்பின் பக்கவாட்டைத் திருப்பிப் பார்த்தான். "நல்லவேளை, இதுல மின்னல் குறி போட்ட துளை இருக்கு. எல்லாத் துளையும் பாக்க ஒரே மாதிரித்தான் இருக்கும்ணே. ஆனா இதுலதான் டாக் பேசும்."

பார்க்க ஒரே மாதிரி இருந்து உள்ளே வேறாக இருப்பதற்கு எனக்கு விளக்கம் தேவையில்லை. ராஜபாண்டியோடு ஒரே சங்கத்தில் இருந்தவன்.

"இன்னொண்ணுண்ணே. ஒங்க வீட்டுல அக்காட்ட சொல்லிக்கிட வேணாம்" என்று குரலைத் தாழ்த்தினான். "ஒங்களுக்குன்னு கொறச்சுப் போட்டுத் தாரேன். தெரிஞ்சா தெருவே வந்து நிக்கும்."

எனக்கும் அதுவே வசதி. விலையை இங்கே எழுத மாட்டேன், பாண்டிமீனா இதைப் படிப்பாள். எங்கள் வீட்டுப் பரணில் ஏற்கெனவே ஒரு மைக் செட், இரண்டு குழாய் ஒலிபெருக்கி, ஒரு சைக்ளோஸ்டைல் மெஷின், ஒரு மூட்டை கொடி கிடக்கின்றன. "இனிமே இயக்கத்துக்குன்னு ஒரு வயரு இந்த வாசப்படி தாண்டக்கூடாது" என்று அவள் போட்ட உத்தரவு அமலில் இருக்கிறது. நானும் சும்மா இருக்கவில்லை. போன தீபாவளிக்கு அவள் என்னவோ ஒரு சாமான் கேட்டாள். நுகர்வு மோகம் மனிதனை எப்படி அடிமையாக்குகிறது என்று காலிலிருந்து தலை வரை விளக்கினேன். முறுக்கு கருகியதுதான் மிச்சம். கேட்டது என்ன சாமான் என்று இப்போது நினைவில்லை.

டாக்கைச் சேலைக் கடைப் பைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாண்டிமீனா வழக்கம்போல் கனகா வீட்டில் இருந்தாள். கனகா சுங்குடிச் சேலை விற்கிறாள். இரண்டு பேரும் மத்தியானம் முழுக்கச் சேலையை ஆட்டி ஆட்டி வீடியோ எடுத்து எங்கெங்கோ அனுப்புகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு துண்டறிக்கையாவது வாசிக்கலாம் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

கேபிளைச் சொருகினேன். சுவிட்சைப் போட்டேன். மூன்று விசிறியும் சுழன்றன. கார்டின் விளிம்பில் நீலமும் ஊதாவுமாக வெளிச்சம் ஓடியது. லேப்டாப் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தது. அவ்வளவுதான், புகைப்படம் வலது ஓரத்திலிருந்து தெளியத் தொடங்கியது. லாரியின் சக்கரம் தெரிந்தது. சக்கரத்தின் போல்ட் தெரிந்தது. டிரைவரின் மீசை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் இடது பக்கம் வந்தால் உருண்டை. உருண்டையில் என் முகம்.

வாசலில் செருப்புச் சத்தம்.

லேப்டாப்பை மூடிவிட்டேன். டாக்கை மூட முடியவில்லை. அது பெருமாள் கோயில் சொக்கப்பனை மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

"என்னது இது?"

"இதா. கொசு மெஷின்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். எங்கள் வீடு பரவையில், கண்மாய்க்குப் பக்கத்தில். கொசு ஒன்று அந்த நேரத்தில் என் காதருகே போனது. அதையே பிடித்துக்கொண்டேன்.

பாண்டிமீனா குனிந்து பார்த்தாள். "மூணு ஃபேன் எதுக்கு?"

"கொசுவ உறிஞ்ச."

"உறிஞ்சுனா எங்கிட்டுப் போகும்?"

"உள்ள தகடு தகடா இருக்குல்ல. அதுல மாட்டிக்கிரும்."

"இந்தக் கலர் லைட்டு?"

"கொசுவக் கவர்ச்சி காட்டி இழுக்க. இதுவும் ஒரு வகை நுகர்வு மோகம்தான்."

"ஓகோ. லேப்டாப்புக்கு ஏன் வயரு போகுது?"

பேச்சுவார்த்தையில் பாதி வழியில் நின்றவன் கெட்டான். "எம்புட்டுக் கொசு சிக்குச்சுன்னு லேப்டாப்புல எண்ணிக்கை காட்டும்."

"அப்ப, எண்ணிக்கை வேணாம்னா லேப்டாப் இல்லாமலே ஓடும்?"

"ஓடும்."

"சரி" என்றாள்.

அந்த 'சரி'யை நான் கவனித்திருக்க வேண்டும். நிர்வாகம் எதிர்ப்பில்லாமல் கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தத்தை மறுபடி படிக்க வேண்டும் என்று இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

அன்று ராத்திரியும் மறுநாள் காலையும் அவள் மேஜையை விட்டு நகராததால் படத்தைத் தொட முடியவில்லை. மத்தியானம் நான் சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்தபோது மேஜையில் லேப்டாப் மட்டும் இருந்தது.

"மீனா, மெஷின் எங்க?"

"கனகா வீட்ல. பாவம், அங்க கொசு பிச்சுப் புடுங்குது. குடுத்துட்டு வந்தேன்."

"நம்ம வீட்டுக் கொசு?"

"சுருள் கொளுத்தி வச்சிருக்கேன்."

"அது நம்ம மெஷின்."

"நீங்கதான சொல்வீக, சாதனம் யாருக்குத் தேவையோ அவுகளுக்குத்தான் சொந்தம்னு. பொங்கல் கூட்டத்துல சொன்னீக. நான் கை தட்டுனேன்."

என் வாயிலிருந்து போன சொல் என் முதுகில் வந்து விழுந்தது. உண்மையைச் சொன்னால் டாக் கிடைக்கும், மானம் போகும். பொய்யைக் காத்தால் மானம் நிற்கும், உருண்டை மங்கலாகவே இருக்கும். கூட்டமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

நேரடி நடவடிக்கையில் இறங்கினேன். கனகா வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் ராமதாஸ் நாற்காலி போட்டார். கனகா காபி கொண்டுவந்தாள்.

"அண்ணே, ஒங்க மெஷின் வந்ததுலருந்து வீட்ல ஒரு கொசு இல்ல" என்றாள்.

"ஒண்ணுகூடவா?"

"மருந்துக்கு ஒண்ணு இல்லண்ணே."

ராமதாஸ் தலையாட்டினார். அவர் முழங்கையில் ஒரு கொசு உட்கார்ந்து நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது. அவர் அடிக்கவில்லை.

உள் அறை சாத்தியிருந்தது. கதவுக்குப் பின்னால் மூன்று விசிறியும் இரைவது கேட்டது. "ஒரு எட்டு மெஷினப் பாத்துட்டு வாரேன்" என்று எழுந்தேன்.

"தெறக்கக்கூடாதுண்ணே. வெளிக் கொசு உள்ள போயிரும்."

கணவனும் மனைவியும் அவர்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். பாண்டிமீனாவுக்கு அந்தப் பாஷை ஓரளவு வரும். எனக்கு உலகத் தொழிலாளர்களின் பாஷை மட்டும்தான் வரும். காபியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

வழியில் யோசித்தேன். உண்மையிலேயே கொசு போய்விட்டதோ? சூடு இருக்கிறது, காற்று இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது. விஞ்ஞானத்தில் எதையும் அடித்துச் சொல்ல முடியாது. முதலாளி சொன்னதை ஒரு நாளும் நம்பாத நான், நானே சொன்ன பொய்யை நம்பத் தொடங்கினேன்.

இனி ஒரே ஆயுதம்தான் பாக்கி. மறுநாள் காலை கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தேன். இட்லியை விலக்கி வைத்தேன்.

"என்ன?" என்றாள் பாண்டிமீனா.

"உண்ணாவிரதம்."

"எதுக்கு?"

என் போராட்ட வாழ்க்கையில் நான் செய்த ஒரே தவறு இதுதான். கோரிக்கையைச் சொல்ல முடியாத உண்ணாவிரதத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"சொல்றதுக்கில்ல" என்றேன்.

"சொல்லாட்டி எப்படி நெறவேத்துறது?"

"நிர்வாகம் தானா உணரணும்."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். "வாயு" என்று தீர்ப்புச் சொல்லி ஓமத் தண்ணீர் கொண்டுவந்தாள். உண்ணாவிரதத்தில் தண்ணீர் குடிக்கலாம், குடித்தேன். அது பசியைக் கிளப்பும் மருந்து என்பது குடித்த பிறகுதான் தெரிந்தது. மத்தியானம் அயிரை மீன் குழம்பு வைத்தாள். பரவை மார்க்கெட்டில் அன்றைக்கென்று அயிரை வந்திருக்கிறது. அடுப்படி சன்னலைத் திறந்து வைத்தாள். காற்று என் பக்கமே அடித்தது.

போராட்டம் தற்காலிகமாக ஒத்திவைக்கப்பட்டது.

இரண்டாவது முறை சோறு வாங்கும்போது, "மெல்லத் தின்னுங்க. ஒங்களுக்கு எப்பவும் வரிசையில ரெண்டாந்தடவையும் நிக்கணும்" என்றாள். அதற்கு அப்போது அர்த்தம் தெரியவில்லை.

வேறு வழியில்லை. வெறும் லேப்டாப்பில், வலது பக்கம் மட்டும் தெளிந்த படத்தை வைத்து, நானே பின்னணி பேசி ஒரு மாதிரி ஒப்பேற்றினேன். "இதோ பாருங்கள் டிரைவரின் மீசையை. அந்த மீசை ஏன் நடுங்குகிறது? எதிரே நிற்பவன் யார்?" இப்படிப் போனது வசனம். மோசமில்லை. ராஜபாண்டியின் படம் இதைவிட மோசமாக இருந்தால் போதும்.

தல்லாகுளத்து மண்டபம் நிறைந்திருந்தது. ராஜபாண்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். நானும் அதே வரிசையில், நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தேன். கொள்கை வேறுபாடு. பாண்டிமீனாவும் கனகாவும் பின்னால் எங்கோ இருந்தார்கள். பெண்களையும் அழைத்து வரலாம் என்று அந்த வருஷம் நான்தான் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தேன்.

சங்கத்தின் புதிய செயலாளர் தமிழ்வாணி மைக்கைப் பிடித்தார். என் மகள் வயதிருக்கும். "தோழர் சங்கிலியும் தோழர் ராஜபாண்டியும் படம் கொண்டுவந்திருக்காங்க. ரெண்டும் அந்த லாரிப் படம்தான். அதுக்கு முன்னாடி, அதே புகைப்படத்த வச்சு இன்னொரு படம் வந்திருக்கு. பேரு 'கஞ்சித் தொட்டி'. செஞ்சது பாண்டிமீனா, கனகா."

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

போராட்டக் காலத்தில் மில் கேட்டுக்கு எதிரே பெண்கள் அண்டா வைத்துக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். அதைத்தான் கஞ்சித் தொட்டி என்போம். எங்கள் துண்டறிக்கைகளில் அது கடைசி வரியில் வரும், "மற்றும்" என்ற சொல்லுக்குப் பிறகு. திரையில் அதுதான் முதலில் வந்தது. திருமங்கலத்துப் பக்கமிருந்து வந்து கஞ்சி காய்ச்சிய ரெங்கம்மாள், இப்போது பல் போன வாயோடு பேசினார்:

"ஆம்பளைக பேசுவாக, நாங்க கிண்டுவோம். அன்னைக்கு அண்டாவ ஓரத்துல வைக்க முடியல, ஒரே மழைத் தண்ணி. நட்டநடு ரோட்டுல வச்சுட்டோம். லாரி வந்துச்சு. எங்கிட்டுப் போகும்? டிரைவர் எறங்கி, 'ஆத்தா, அடுப்ப அணைக்க எம்புட்டு நேரம் ஆகும்'னு கேட்டான். 'கஞ்சி தீர்ற வரைக்கும்'னேன். அவனுக்கும் ஒரு கிண்ணம் ஊத்துனோம். குடிச்சுட்டு லாரியத் திருப்பிட்டான்."

பிறகு அந்தப் புகைப்படம் வந்தது. முதலில் நான் அறிந்த மங்கல். அது மெல்ல மெல்லத் தெளிந்தது. போல்ட், மீசை, ஈர ரோடு. அந்த அளவுக்குத் தெளிவு எனக்கும் கிட்டியிருந்தது. இப்போது லாரிக்கு முன்னால் இருந்த உருண்டை தெளிந்தது.

அது அண்டா.

மண்டபம் சிரிக்கத் தொடங்கியது. படம் இடது பக்கம் நகர்ந்தது. அண்டாவுக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை. வரிசையில் தட்டோடு இரண்டு பேர். கேமரா நெருங்கியது. முன்னால் நிற்பவன் ராஜபாண்டி, சூடு தாங்காமல் என் துண்டால் தட்டைப் பிடித்திருக்கிறான். பின்னால் நிற்பவன் நான். என் உதட்டோரத்தில் ஏற்கெனவே ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. அது இரண்டாவது முறை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. மூன்று விசிறியும் சேர்ந்து அந்தப் பருக்கையைக்கூடத் தெளிவாக்கியிருந்தன.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் லாரியை மறித்தேன், அது உண்மை. கஞ்சி குடித்துவிட்டுப் போய் மறித்தேன். லாரி அதற்கு முன்பே திரும்பி நின்றது என்பது வேறு விஷயம்.

இருட்டில் ராஜபாண்டி நடு நாற்காலிக்கு நகர்ந்து வந்தான். பல வருஷத்துக்குப் பிறகு என்னோடு பேசினான்.

"சங்கிலி, அந்தத் துண்டு இப்ப இருந்தா நல்லா இருக்கும்டா."

"எதுக்கு?"

"ரெண்டு பேரும் மூஞ்சிய மூடிக்கிடலாம்."

எங்கள் இருவர் படமும் திரையிடப்படவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று இருவருமே எழுந்து அறிவித்தோம். பிளவுக்குப் பிறகு நாங்கள் எடுத்த முதல் கூட்டு முடிவு அது. ரெங்கம்மாளுக்கும் பாண்டிமீனாவுக்கும் கனகாவுக்கும் சால்வை போட்டார்கள். நானும் எழுந்து நின்று கை தட்டினேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை.

பரவைக்குத் திரும்பும்போது ஸ்கூட்டியை ஓட்டியது பாண்டிமீனா. நான் பின்னால், அவள் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு.

"அது கொசு மெஷின் இல்லன்னு எப்பத் தெரியும்?" என்றேன்.

"நீங்க வாங்குறதுக்கு முன்னாடியே. விஜய்கிட்ட எடுத்து வைக்கச் சொன்னதே நான்தான். வீட்ல சொல்லாதீகன்னு சொல்லச் சொன்னதும் நான்தான். ரகசியம்னாத்தான நீங்க துணிஞ்சு வாங்குவீக."

"எங்கிட்டக் கேட்டிருந்தா வாங்கித் தந்திருக்க மாட்டேனா?"

"கேட்டேனே. தீபாவளிக்கு."

பாத்திமா கல்லூரி தாண்டும்போது மடியிலிருந்த சால்வையை மறுபடி மடித்தேன். பிறகு, தோற்றவன் கேட்கும் குரலில் கேட்டேன்.

"அந்தக் கொசுப் பேச்சு? அதுவும் நீ சொல்லி வச்சதா?"

"இல்ல, அது ஒங்க சொந்தச் சரக்கு. அத மட்டும் நாங்க எதிர்பாக்கல. கனகா வீட்ல ஓடுறப்ப, நீங்க சொன்ன மாதிரியே அவ லேப்டாப்புல எண்ணிக்கையும் காட்டுச்சு."

"என்ன எண்ணிக்கை?"

"சிக்குன கொசு. ஒண்ணு."